பத்துக்கு ஏழு

அப்பாவின் கை மிதுனாவின் தோளில் இருக்கிறது. துப்பாக்கிக் கடைக்குள் வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. கட்டைவிரலால் அவளுடைய காறை எலும்புக்குக் கீழே தடவித் தடவி ஒரு பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "இங்கதான் கண்ணு, இந்தக் குழியிலதான் ரைஃபிள் கட்டை உக்காரோணும், மேல போனா எலும்புல இடிக்கும், கீழ எறங்குனா நழுவிப் போயிரும்" என்கிறார். அவள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறாள், கூச்சம். பன்னிரண்டு வயது. அந்தக் குழி எனக்கும் இருக்கிறது. என் விரல் தானாகப் போய்ச் சுடிதார் துப்பட்டாவுக்கு அடியில் அதைத் தொட்டுப் பார்க்கிறது, இருக்கத்தான் இருக்கிறது, நாற்பத்து நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறது, யாரும் வந்து அழுத்தி இதுதான் இடம் என்று சொன்னதில்லை. நான் பெரியவளான பிறகு அப்பா என்னை எத்தனை தடவை தொட்டிருப்பார்? கல்யாணத்தன்று கையைப் பிடித்துக் கொடுத்தது ஒன்று. அம்மா போன அன்றைக்கு, தூக்கிக்கொண்டு போகும்போது, கால் தடுமாறி என் மணிக்கட்டைப் பிடித்தது ஒன்று. இரண்டாவது என்னையென்று நினைத்துப் பிடித்ததா, பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று பிடித்ததா, தெரியாது. சீ, என்ன கணக்கு இது. என் மகள். எழுபத்தைந்து வயதுக் கிழவர் பேத்திக்கு முதல் ரைஃபிள் வாங்கித் தருகிறேன் என்று ஆனைமலையில் இருந்து விடியற்காலை கிளம்பி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயமுத்தூர் வரைக்கும் வந்திருக்கிறார். பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. பார்த்துச் சந்தோஷப்படு பரிமளா. பார்க்கிறேன்.

கடை முழுக்க எண்ணெய் வாசனை. தேங்காய் எண்ணெயும் இல்லை, வண்டி எண்ணெயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாக, இனிப்பாக ஒன்று. எங்கள் வீட்டு அப்பா அறையின் வாசனை. கண்ணாடி அலமாரிக்குள் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் விரலால் இழுக்கிற குதிரையின் வளையத்துக்குள்ளும் ஒரே சங்கிலியைக் கோர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். மேஜைமேல் கேன்வாஸ் பையில் படுத்திருக்கிறது எங்கள் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி. தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்ததை நேற்றுத்தான் அப்பா திரும்ப வாங்கினார், வலது பக்கச் சுத்தியல் சரியாக விழுவதில்லை என்று பழுது பார்க்கக் கொண்டு வந்திருக்கிறார். அப்பாவுடைய அய்யன், என் தாத்தா, வாங்கியது, அவரிடமிருந்து பெரியப்பாவுக்குப் போய், பெரியப்பா கண் மங்கிய பிறகு அப்பாவுக்கு வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு விருந்து நடந்ததாம், கிடா வெட்டினார்களாம், பெண்கள் எல்லாரும் சமையல்கட்டில் இருந்தார்களாம். தென்னங்கன்றைத் தோண்டிப் போடுகிற பன்றிக்கும், வருடத்துக்கு இரண்டு முறை மலையிறங்கி வருகிற யானைக்கும், அப்பா ஆகாசத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் வருடம் முழுக்க அதைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயை விரித்து, குழலைத் தனியாகக் கழற்றி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன், தாண்டி உள்ளே போனதில்லை. தம்பி தனபால் உள்ளே உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுப்பான், கொட்டாவி விட்டுக்கொண்டே.

கடைக்காரர் வரதராஜு அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைக்கிறார். நீலநிறக் கட்டை, கறுப்புக் குழல், விளையாட்டுச் சாமான் போல அழகாக இருக்கிறது. "இது காத்து ரைஃபிளுங்க, சின்னப் பிள்ளைகளுக்குன்னே வர்றது. லைசென்ஸ் வேண்டாம். எடையும் கம்மி. கட்டையை நீட்டிக்கலாம், குறைச்சுக்கலாம், அம்மிணி வளர வளர இதுவும் வளரும்" என்கிறார். அப்பா அதைத் தூக்கிப் பார்க்கிறார், கன்றுக்குட்டியைத் தூக்குவது மாதிரி. குழலைத் தரைப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மிதுனாவின் முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, அவள் ஆள்காட்டி விரல் எங்கே வருகிறது என்று பார்க்கிறார். விரலின் முதல் கணு குதிரையில் சரியாக வந்து நிற்கிறது. "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது" என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நானும் சிரிக்கிறேன். என் முகம் சிரிக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயதில் முழங்கையில் இருந்து விரல்வரை எவ்வளவு நீளம் இருந்திருக்கும், அதை யார் இப்போது போய் அளப்பது.

பதின்மூன்று. தனபாலுக்குப் பத்து. அவனுடைய பிறந்தநாளுக்கு அப்பா ஏர்கன் வாங்கி வந்தார், அட்டைப் பெட்டியில், இதே கோயமுத்தூரில் இருந்துதான். வாய்க்கால் மேட்டில் பத்துக் கொட்டாங்குச்சியை வரிசையாக நிறுத்தி வைத்தார். முதலில் அவர் அடித்துக் காட்டினார், நான்கு விழுந்தது. தனபால் அடித்தான், ஒன்று விழுந்தது, அதுவும் கடைசியில் மண் தெறித்து விழுந்தது. அப்பா குனிந்து அவன் தோளைச் சரிசெய்தார், காலை அகட்டி வைத்தார், மூச்சை அடக்கச் சொன்னார், மறுபடியும் ஒன்று. அவனுக்கு அழுகை வந்துவிட்டது, போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். அப்பா விழுந்த கொட்டாங்குச்சிகளை நிமிர்த்தி வைக்கப் போனார். திரும்பி வந்தபோது ஏர்கன் என் கையில் இருந்தது. எடு என்று அவர் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. நான் இடது தோளில் வைத்தேன். ஏன் இடது என்று எனக்குத் தெரியாது, வலது பக்கம் வைத்தால் கொட்டாங்குச்சி இரண்டாகத் தெரிந்தது, இடது பக்கம் வைத்தால் ஒன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஏழு. பத்துக்கு ஏழு விழுந்தது. ஒவ்வொன்றும் டொக் என்று பின்னால் சாயும்போது என் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது, அதற்குப் பிறகு அந்தக் குளிர்ச்சி எதிலும் வரவில்லை, கல்யாணத்தில் வரவில்லை, பிரசவத்தில் வரவில்லை. அப்பா என்னிடம் வந்தார். என் கையில் இருந்து ஏர்கன்னை வாங்கினார், மெதுவாகத்தான் வாங்கினார், பிடுங்கவில்லை. கிணற்றடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "டேய் தனபாலு, இங்க வந்து பாரு, அக்காவே அடிக்கறா." அக்கா அடிக்கறா என்று சொல்லியிருக்கலாம். அக்காவே. அந்த ஒற்றை ஏகாரம். நொண்டியே ஓடுகிறான், குருடனே பார்க்கிறான் என்கிற ஏகாரம். ஏர்கன் மறுபடி அட்டைப் பெட்டிக்குள் போய் அப்பாவின் பீரோவுக்குள் போனது. தனபால் அதற்குப் பிறகு நான்கு முறை எடுத்திருப்பானோ என்னவோ. இப்போது மெல்போர்னில் இருக்கிறான், அவன் பிள்ளைகளுக்குக் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே பயம். முப்பத்தொரு வருடமாக அந்த ஏகாரம் என் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்கிறது, அடிக்கவும் முடியவில்லை, போகவும் மாட்டேன் என்கிறது.

"வலது கைதானுங்களே அம்மிணிக்கு?" வரதராஜு கேட்கிறார். "வலதுதான்" என்கிறார் அப்பா. கடைக்காரர் தலையாட்டுகிறார். "அப்ப இதையே இன்னிக்கே கையோட கொண்டுபோயிரலாம். இடதுன்னாத்தான் கஷ்டம், டெல்லியில இருந்து வரோணும், மூணு வாரம் ஆயிரும்." இப்போது நான் பேச வேண்டும். கைப்பைக்குள் போன் இருக்கிறது, போனுக்குள் கோச் மேடத்தின் குரல் இருக்கிறது, போன வியாழக்கிழமை அனுப்பியது, மூன்று தடவை கேட்டாகிவிட்டது. துப்பாக்கி சுடப் பழக்குகிற கிளப்பில் சேர்க்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்தார்களாம். மிதுனாவுக்குக் கை வலதுதான், ஆனால் குறி பார்க்கிற கண் இடது. இடது தோளில் வைத்துச் சுடத்தான் பழக்க வேண்டும், இடது பக்கக் கட்டை வைத்த ரைஃபிளாகப் பார்த்து வாங்குங்கள், அவசரப்பட்டு வலது வாங்கிவிடாதீர்கள் மேடம், பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் வெறுத்துவிடும். எல்லாம் தெளிவாகச் சொன்னார். முடிவைப் பெற்றவர்களுக்கு மட்டும்தான் அனுப்பினார்களாம், மிதுனாவிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். இடது கண். என்னுடையது. இத்தனை பேருக்கு நடுவில் என் வழியாக அவளுக்குப் போயிருக்கிற ஒரே சாமான், அதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சரி, இப்போது சொல். வாயைத் திற. இடதுங்கப்பா என்று ஒரு சொல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது. சுவரில் முருகன் காலண்டர், இருபத்து மூன்றாம் தேதிக்குப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள், எதற்காக இருக்கும், சீட்டுக் கட்டும் நாளாக இருக்கும். "தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்று வரதராஜு கேட்கிறார். "வேண்டாங்க" என்கிறேன். அதற்கு வாய் திறக்கிறது.

கடைக்காரர் ஈயக்குண்டு டப்பா எடுக்க உள்ளே போகிறார். அப்பா சட்டைப் பையில் இருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் நீவி வைக்கிறார். "இத எழுதித் தரோணும் சாமி. எனக்கு எழுபத்தஞ்சு ஆயிப்போச்சு, இனிமே லைசென்ஸை வாரிசு பேர்ல மாத்திக்கலாம்னு தாசில்தார் ஆபீஸ்ல சொன்னாங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார். வாரிசு என்றால் நானோ என்று என் மார்பு ஒருமுறை எகிறுகிறது, நாய்க்குட்டி மாதிரி. அடுத்த நொடியே, தனபாலுக்கு மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று நினைக்கிறேன், இத்தனை வருடமும் அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் பயந்து கிடந்தேன். "தனபால் இனி வர்றாப்ல தெரியல. அவனுக்கு இதெல்லாம் வேண்டாமாமா, போன்ல சொல்லிட்டான். மிதுனாவுக்கு இருபத்தொண்ணு முடியறவரைக்கும் யார் பேர்லயாவது இருக்கோணுமல்லோ, அதுவரைக்கும் உம் பேர்ல இருக்கட்டும். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா வெச்சிருந்தாப் போதும்." நாய்க்குட்டி படுத்துவிடுகிறது. சும்மா வெச்சிருந்தா. அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. தண்ணீர் இங்கிருந்து அங்கே போக வேண்டும், நடுவில் ஒரு குழாய் வேண்டும், குழாய்க்குத் தாகம் எடுக்கும் என்று யாராவது நினைப்பார்களா. மிதுனா காகிதத்தை எட்டிப் பார்த்து, "அப்ப இந்தப் பெரிய துப்பாக்கியும் எனக்கா அப்புச்சி?" என்கிறாள். "பின்ன? உனக்குத்தான்." அவள் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். கடவாய்ப் பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. அந்த ஓட்டையைப் பார்க்கிறேன். என் குழந்தை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே, நன்றாகத் தோற்றுப்போ என்று நினைக்கிறேன். நினைத்தது நான்தான். வேறு யாரோ நினைத்ததாகத் தள்ளிவிடப் பார்க்கிறேன், தள்ள முடியவில்லை.

கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு சந்து, இரண்டு பக்கமும் சுவர், கடைசியில் இரும்புப் பெட்டிக்குள் காகித வட்டம். ஐந்து குண்டு போட்டுப் பார்க்கலாம் என்கிறார் வரதராஜு. மிதுனா அப்பா சொன்னபடியே நிற்கிறாள், வலது தோள், வலது கன்னம். கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டுக் கழுத்தை இன்னும் வளைக்கிறாள், மூக்கைக் கட்டையின் மேலே கொண்டுபோகப் பார்க்கிறாள், ஏனென்றால் அவளுடைய கண் அந்தப் பக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியும், இந்தக் கடைக்குள் எனக்கு மட்டும்தான் தெரியும். இடது கண்ணை இறுக்கி மூடுகிறாள், வாய் கோணுகிறது. டப். சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது. "மூச்சை அடக்கு கண்ணு" என்கிறார் அப்பா. டப். இரும்புப் பெட்டியின் விளிம்பில் பட்டுக் கிணீரென்கிறது. மூன்றாவது குண்டு காகிதத்தின் ஓரத்தைக் கிழிக்கிறது. நான்காவது எங்கே போனது என்று தெரியவில்லை. ஐந்தாவதுக்கு அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள், காது மடல் சிவந்து கொண்டே வருகிறது, எனக்கு நாக்கின் அடியில் இனிக்கிறது. உண்மையாகவே இனிக்கிறது, கற்கண்டு கரைகிற மாதிரி. டப், மறுபடி சுவர். அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிகிறது, பச்சை டி-ஷர்ட், இரண்டு தோள்பட்டை எலும்பும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன, அழுகையை விழுங்குகிற முதுகு. அப்பா அவள் கையில் இருந்து ரைஃபிளை வாங்குகிறார். மெதுவாகத்தான் வாங்குகிறார். "போச்சாது, போனாப் போகுது விடு அம்மிணி. பொம்பளப் புள்ளைக்கு இந்த மட்டும் வந்ததே பெருசு. டான்ஸ் கிளாசு கேட்டயல்லோ, அதுல சேத்தி உடறேன்" என்கிறார். நல்லபடியாகத்தான் சொல்கிறார். தலையைக்கூடத் தடவுகிறார்.

"அவளுக்கு இடது கண்ணுங்கப்பா." என் குரல் சந்தில் மோதித் திரும்பி வந்து எனக்கே சத்தமாகக் கேட்கிறது. அப்பா என்னைப் பார்க்கிறார். நான் மிதுனாவைத் திருப்பி நிறுத்துகிறேன், இமை நனைந்திருக்கிறது, பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். "ரெண்டு கையையும் முன்னாடி நீட்டு. விரலைச் சேத்து நடுவுல சின்னதா ஓட்டை பண்ணு. அதுக்குள்ள அந்தக் காகித வட்டம் தெரியுதா?" "தெரியுது." "இப்ப வலது கண்ணை மட்டும் மூடு." "தெரியுது." "அதைத் தொறந்துட்டு இடது கண்ணை மூடு." மூடிவிட்டு ஓட்டைக்குள் தேடுகிறாள். "காணோம்மா. வட்டத்தையே காணோம்" என்கிறாள். வரதராஜு "அட, இடதேதானுங்க" என்று தலையைச் சொறிகிறார். நான் ரைஃபிளை வாங்கி அவளுடைய இடது தோளில் வைக்கிறேன், என் கட்டைவிரல் அவளுடைய குழியைத் தேடி அழுத்துகிறது, சின்னதாக, சூடாக, வியர்வையாக இருக்கிறது. வலது கைக்காரர்களுக்குச் செய்த கட்டை, கன்னத்தில் சரியாகப் பொருந்தவில்லை, ஆனாலும் அவள் கழுத்து வளையவில்லை, வாய் கோணவில்லை. டப். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. டப். பக்கத்தில் இன்னொன்று. ஐந்தில் நான்கு கறுப்புக்குள். அப்பா "ஆத்தாடி" என்கிறார், மிதுனா குதிக்கிறாள், ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். அவரைத்தான். சொன்னது நான், தோளில் வைத்துக் கொடுத்தது நான், போய்க் கட்டிக்கொண்டது அவரை. பார், இப்போதுகூட. நல்லது செய்த சூடு இன்னும் ஆறவில்லை, அதற்குள் மறுபடி கணக்குப் பார்க்கிறேன், இதற்கு ஓய்வே கிடையாதா.

"நீ ஒருக்கா அடி" என்கிறார் அப்பா. என்னிடம்தான் சொல்கிறார், கண்ணைப் பார்க்காமல் ரைஃபிளை மட்டும் நீட்டுகிறார். முப்பத்தொரு வருடம் கழித்து. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், கை வாங்கிவிட்டது. எத்தனையோ தடவை மனதுக்குள் இதை நடத்திப் பார்த்திருக்கிறேன், பாத்திரம் துலக்கும்போது, ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொரு தடவையும் பத்துக்குப் பத்து விழும், அப்பா வாயடைத்து நிற்பார். இடது தோளில் வைக்கிறேன். கன்னத்தில் கட்டை குளிர்கிறது. கண்ணை வைக்கிறேன், வட்டம் தெரிகிறது, குழல் நுனியில் இருக்கிற குறி முள் தெரியவில்லை. கலங்கலாக ஒரு கோடு, புகை மாதிரி. படிக்கிற கண்ணாடி காருக்குள் இருக்கிறது, போன வருடம் போட்டது. முள் தெரியாமல் எதை வைத்து அடிப்பது? அடிக்கிறேன். ஐந்து. ஒன்று கறுப்புக்குள், இரண்டு காகிதத்தில், மீதி இரண்டு சுவருக்கு. மிதுனா எண்ணிக்கொண்டே இருந்தாள், அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். "பரவால்லம்மா" என்கிறாள். கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம், அதை மறைக்கத் தெரியாத வயது, நான்குக்கு ஒன்று என்கிற வெளிச்சம். எனக்கு அது நன்றாகத் தெரிந்த வெளிச்சம். இவளுக்குமா?

அப்பா ரைஃபிளை என்னிடமிருந்து வாங்கித் துணியால் துடைக்க ஆரம்பிக்கிறார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "உங்கம்மா உன்ற வயசுல பத்துக்கு ஏழு அடிச்சா" என்று பேத்தியிடம் சொல்கிறார். எண்ணியிருக்கிறார். ஏழு என்று ஞாபகம் வைத்திருக்கிறார். "ஏழா? அப்புறம் ஏம்மா விட்டுட்டீங்க?" மிதுனா என்னைக் கேட்கிறாள், நான் அப்பாவைப் பார்க்கிறேன். வரதராஜு போன் வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார், மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை, நல்ல மனிதர். அப்பா குழலைத் துடைத்துக்கொண்டே பேசுகிறார், குழலிடம் சொல்கிறார். "அவ எங்க விட்டா. நான்தான் வாங்கி உள்ள வெச்சுப்போட்டேன். அன்னிக்கு மொதல்ல நான்தான் அடிச்சேன். நாலுதான் உழுந்துது." நிறுத்துகிறார். துணியை மடித்து வேறு பக்கத்தால் துடைக்கிறார். "தனபாலுக்கு ரோசம் வரட்டும்னுதான் அவனக் கூப்புட்டு அப்படிச் சொன்னேன்னு நானும் நெனச்சுட்டுத்தான் இருந்தேன் சாமி. ஆனா அது அவனுக்கில்ல. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. பெத்த புள்ளை மேல வயித்தெரிச்சல்னு வெளிய சொல்ல முடியுமா?" அவ்வளவுதான். துணியை மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார். அவர் என் காலில் விழுந்தால்கூட இப்படி இருந்திருக்காது. சந்தோஷம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. முதலில் வந்தது கோபம், முப்பத்தொரு வருடம் சும்மா அந்த ஏகாரத்தைச் சுமந்திருக்கிறேனே என்று. கோபத்துக்குப் பின்னால் பயம், அதுதான் பெரியதாக வந்தது. அவருடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது, ஏர்கன்னை வாங்கி பீரோவில் வைக்கிற நேரம். என்னுடையது வியாழக்கிழமையில் இருந்து இன்றுவரைக்கும், தோசை ஊற்றி, துணி மடித்து, போனை மூன்று தடவை கேட்டு, நிதானமாக, தெரிந்தே. அவர் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று. நான் எவ்வளவு நாள் வைத்திருக்கப் போகிறேன்?

இடது பக்கக் கட்டைக்கு ஆர்டர் எழுதிக்கொள்கிறார் வரதராஜு, மூன்று வாரம். பெரிய துப்பாக்கியைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு ரசீது வாங்குகிறார் அப்பா. காகிதம் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது, ஓரம் காற்றில் எழுந்து எழுந்து படுக்கிறது. "எழுதறயா?" என்கிறார் அப்பா. "மிதுனாவுக்காக வெச்சிருக்கறதுன்னா எழுத மாட்டேனுங்கப்பா" என்கிறேன். "எனக்குன்னு குடுக்கறதா இருந்தா எழுதறேன். அப்புறம் அவளுக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்." மிதுனாவின் முகம் சுண்டுகிறது. அப்பா ரொம்ப நேரம் என்னைப் பார்க்கிறார், கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கம் தள்ளுகிறார். நான் என் பெயரை எழுதுகிறேன், நா. பரிமளா, அப்பாவின் முதலெழுத்தோடு. எழுத்து கொஞ்சம் கோணல். கண்ணாடி போடாமல் எழுதியது.

திரும்பும்போது நான்தான் ஓட்டுகிறேன். அப்பாவும் மிதுனாவும் பின்னால். ஈச்சனாரி தாண்டுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார், வாய் லேசாகத் திறந்து, கை அவள் மடியில் கிடக்கிறது. வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி நெளிகிறது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. போனில் இருக்கிற குரலை அழித்துவிட்டால் முடிந்தது. அப்படித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், அழித்துவிடலாம், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என்று யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். "மிது, உனக்கு இடது கண்ணுன்னு கோச் மேடம் போன வாரமே சொன்னாங்க. எனக்குத் தெரியும். கடையில நான் வேணும்னேதான் சொல்லாம இருந்தேன்." பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவள் முகம் நிமிர்கிறது. "ஏம்மா?" லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகிறது, அது போகும்வரைக்கும் எனக்கு அவகாசம். "உங்க அப்புச்சி உனக்குச் சொல்லிக் குடுத்தது எனக்குப் பொறுக்கல. நீ நல்லா அடிச்சிருவேன்னும் பயமா இருந்துச்சு." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கு அங்க அழுகை வந்துச்சு, தெரியுமா?" என்றாள். "தெரியும். பாத்துட்டுதான் இருந்தேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தென்னந்தோப்புகள் ஆரம்பித்தன. கண்ணாடியில் அவளுடைய காது மட்டும் தெரிந்தது. இனி இவள் என்னிடம் எதையும் சொல்ல மாட்டாள், பதினைந்து வயதில், இருபது வயதில், எல்லாவற்றையும் அவரிடம் போய்ச் சொல்வாள், அவர் இல்லாத பிறகு யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வாள் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது, ஸ்டியரிங் கைக்கு வழுக்கியது.

கிணத்துக்கடவு சிக்னலில் நின்றபோது அவள் பேசினாள். தூங்குகிறவரை எழுப்பாத குரலில், முன்சீட்டைப் பிடித்து எக்கி, என் காதருகில் பேசினாள். "மூணு வாரங்கழிச்சு ரைஃபிள் வாங்கப் போறப்ப நீங்க வருவீங்களா?" "வரட்டுமா?" "வாங்க. ஆனா நான் அடிச்சுப் பாக்கறப்ப உள்ள வரக் கூடாது. கார்லயே இருக்கோணும்." "சரி." "கிளப்புக்கும் அப்படித்தான். கொண்டுவந்து உட்டுட்டு வெளியவே இருக்கோணும்." "சரி." "எப்ப உள்ள வரலாம்னு நான்தான் சொல்லுவேன். நீங்க கேக்கக் கூடாது." "சரி மிது" என்றேன். அவள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பச்சை விழுந்தது, பின்னால் இருந்த பஸ்காரன் பொறுக்காமல் ஹாரனை அழுத்தினான், நான் முதல் கியரைப் போட்டேன்.